ஹாலில் பேஸ் குமுறுகிறதா? ரிசீவர், கணினி, தனி டிஎஸ்பி பெட்டி: எதில் பணம் போடலாம்

நல்ல ஸ்பீக்கர் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: கடையில் தெளிவாக இருந்தது, வீட்டில் வைத்ததும் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி, குமுறுகிறது. பேஸ் கிதாரில் ஒரு சுரம் மட்டும் திம்மென்று எழும்பும், பக்கத்துச் சுரம் இருக்கும் இடமே தெரியாது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போது ஹாலே சேர்ந்து முழங்கும். உடனே ஆம்ப்ளிஃபையரை மாற்றுகிறவர்கள் உண்டு, கேபிளை மாற்றுகிறவர்களும் உண்டு. கேபிளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நட்புக்கு நல்லது. குறை அறையில் இருக்கிறது.

அறை செய்யும் கோளாறை மைக் வைத்து அளந்து, அதற்கு எதிரான திருத்தத்தை ஒலியில் முன்கூட்டியே போட்டு அனுப்புவதைத்தான் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) திருத்தம் என்கிறோம். இதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. ஹோம் தியேட்டர் ரிசீவருக்குள்ளேயே அது வருகிறது. கணினியில் இலவச மென்பொருளாகக் கிடைக்கிறது. தனிப் பெட்டியாகவும் விற்கிறார்கள். எதை எடுப்பது என்று கேட்டால் விலையையும் பிராண்டையும் விட நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் வீட்டில் பாட்டும் படமும் எந்த வழியாக ஸ்பீக்கருக்குப் போகின்றன? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு மைக் வேண்டும்.

அறை என்ன செய்கிறது

கணக்கு எளிது. நம் தட்பவெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலை அலை (இடம் பெயராமல் நின்று அதிரும் அலை) உண்டாகும். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, தரைக்கும் கூரைக்கும் நடுவே 57. அப்புறம் இவற்றின் மடங்குகள். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, அடுத்தது 55. அந்தக் கருவியின் கீழ் சுரங்கள் எல்லாம் இந்த எண்களுக்கு நடுவேதான் நடமாடுகின்றன. நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒரு சுரம் 10 டெசிபல் மேலே ஏறும், இன்னொன்று அதே அளவு இறங்கும். ஏறுவது மேடு, இறங்குவது பள்ளம்.

இணையத்தில் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். தாழ்ந்த ஒலியில் அது கொஞ்சம் அதிர்ந்து கொடுத்து ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும், இன்னொரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படி இளகிக் கொடுப்பதில்லை. பேஸ் உள்ளேயே சுற்றும், மேடுகள் உயரமாக எழும், அடங்கவும் நேரம் எடுக்கும். தரையில் டைல்ஸ் வேறு. ஆகவே இந்தத் திருத்தத்தால் நமக்குக் கிடைக்கும் லாபம் அவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம்.

எல்லாவற்றையும் திருத்த முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேட்டை வெட்டலாம். வெட்டினால் நீங்கள் உட்காரும் இடத்தில் அந்த ஒலி இழுபடும் நேரமும் குறையும், இது உண்மையான ஆதாயம். பள்ளம் வேறு விஷயம். ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது பள்ளம். அங்கே நீங்கள் 6 டெசிபல் கூட்டினால் நேரே வருவதும் 6 கூடும், திரும்புவதும் 6 கூடும், பழையபடி அழியும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஆம்ப்ளிஃபையர் மட்டும் அதற்கு நான்கு மடங்கு சக்தி கொடுத்துக்கொண்டிருக்கும். 10 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு. தானியங்கித் திருத்தம் செய்துவிட்டு ‘சத்தம் பிசிறுகிறது’ என்று சொல்கிறவர்கள் பலருடைய வீட்டில் நடப்பது இதுதான்.

இன்னொரு எல்லை உயர்ந்த அதிர்வெண் பக்கம் இருக்கிறது. மேலே சொன்ன அளவு ஹாலில் ஏறக்குறைய 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைதான் அறை ஆட்சி செய்கிறது. அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம்தான் பேசும். முதலில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஃபிலாய்ட் டூல் பல பத்தாண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகள் காட்டியது இதை: ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாகவும், பக்கவாட்டில் போகும் ஒலி சீராகவும் இருந்தால் கேட்பவர்களுக்குப் பிடிக்கிறது. காது நேர் ஒலியையும் அறையின் ஒலியையும் ஓரளவு பிரித்துக் கேட்கும். மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது, இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டுவிடும். அந்தக் கோட்டை 20,000 ஹெர்ட்ஸ் வரை மேடுபள்ளமில்லாமல் சமமாக்கினால் நல்ல ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. நான் 300 ஹெர்ட்ஸோடு நிறுத்தும் கட்சி. இந்தக் கட்டுரையில் எந்த வழியைப் பற்றிச் சொன்னாலும், ‘திருத்தத்தை அங்கே நிறுத்த விடுகிறதா?’ என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்கிறேன்.

காசில்லாமல் செய்யக்கூடியது

ஸ்பீக்கரை நகர்த்துங்கள், சோபாவையும் நகர்த்துங்கள். ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருந்தால் 142 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். 3 அடிக்குக் கொண்டுவந்தால் அது 95-க்கு இறங்கும். எந்த டிஎஸ்பியாலும் நிரப்ப முடியாத பள்ளத்தை ஒரு அடி நகர்த்தல் வேறு இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் நீளவாக்கு நிலை அலைகள் எல்லாம் அங்கே உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 38 ஹெர்ட்ஸ் காணாமல் போய் 76 எழும்பும். இரண்டுக்கும் நடுவே எங்காவது நல்ல இடம் கிடைக்கும். பூஜை அலமாரி, டிவி ஸ்டாண்ட், வாசல் நிலை எல்லாம் சேர்ந்து நமக்கு விட்டுவைக்கும் இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அளந்து பயன்படுத்த வேண்டும்.

மைக்

எந்த வழியை எடுத்தாலும் முதல் பணத்தை அளக்கும் மைக்கில் போடுங்கள். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 பலரும் வாங்குவது. யூஎஸ்பியில் நேரே கணினியில் செருகலாம். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கென்று தனி அளவீட்டுக் கோப்பு உண்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் 80 டாலர் அளவில் விற்பது, கூரியரும் சுங்கமும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது பத்தாயிரம் ரூபாய் பக்கம் போய்விடலாம். டேட்டன் ஆடியோவின் யுஎம்எம்-6 அதே வகை. பாடகர்கள் பிடிக்கும் மேடை மைக் இதற்கு உதவாது. ஃபோன் மைக்கும் பேஸ் பகுதியில் நம்பத்தக்கது அல்ல. அது பேச்சுக்காக அமைந்தது, தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடும்.

மென்பொருளுக்கு ரூம் ஈக்யூ விசார்ட். ஜான் மல்கஹி எழுதி இலவசமாகத் தருவது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மைக்கை உட்கார்ந்த நிலையில் காது இருக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒரு விசில் ஒலியை ஓட விட வேண்டும். சுமார் 75 டெசிபல் போதும். இடது தனியாக, வலது தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. அப்புறம் தலை அசையும் எல்லைக்குள் மைக்கை நகர்த்தி இன்னும் சில இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓரிடத்து அளவை மட்டும் வைத்துத் திருத்தினால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே கணக்கு மாறிவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசியையும். விசிறிக் காற்று மைக்கில் படும்போது கீழ்ப்பகுதியில் வரும் கிறுக்கலைப் பார்த்து, அறைக்கு ஏதோ நோய் என்று நினைத்துவிடக் கூடாது. இரவு பதினோரு மணிக்குமேல் அளந்தால் குக்கரும் ஹாரனும் குறுக்கே வராது, ஆனால் பக்கத்து ஃபிளாட்காரர் வருவார். மதியம் இரண்டரை மணி இருவருக்கும் ஒத்துவரும்.

ரிசீவரில் ஏற்கெனவே இருப்பது

டிவி, செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாம் எச்டிஎம்ஐ வழியாக ஒரே ரிசீவருக்குள் போகிற வீடு என்றால் வேறெதையும் தேடாதீர்கள். எல்லா ஒலியும் கடந்து போகும் ஒரே வாசல் அதுதான், திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி என்ற திருத்தம் இருக்கிறது, யமஹாவில் ஒய்பிஏஓ, சோனிக்கு அதன் சொந்தத் திருத்தம், ஆந்தமில் ஏஆர்சி. கூடவே ஒரு சிறிய மைக்கும் தருகிறார்கள். அதை ஸ்டாண்டில் வைத்து, ரிசீவர் சொல்கிறபடி நகர்த்திக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் வேலை முடியும்.

ஆடிஸியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இங்கே பலர் வீட்டில் இருப்பது அதுதான். அதில் படிநிலைகள் உண்டு. மல்ட்டிஈக்யூ எக்ஸ்டி நடுத்தர மாடல்களில் வருவது. எக்ஸ்டி32 மேல் மாடல்களில். இரண்டுக்கும் பேஸ் பகுதியில் நுணுக்கத்தில் பெரிய வித்தியாசம், அறைத் திருத்தத்தின் மொத்தப் பயனும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. புதிதாக ரிசீவர் வாங்குகிறவர் எத்தனை சேனல் என்று பார்க்கும் முன் இதைப் பாருங்கள். ஒன்பது சேனலும் சுமாரான திருத்தமும் உள்ளதைவிட, ஏழு சேனலும் எக்ஸ்டி32-வும் உள்ளதை நான் எடுப்பேன்.

தானாக ஓடி முடிந்ததும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று அது எழுதிவைத்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, பேஸை 80 ஹெர்ட்ஸில் பிரித்து, பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு அனுப்புங்கள். சப்வூஃபர் உண்மையில் இருப்பதைவிடச் சில அடி அதிகத் தூரம் காட்டினால் மாற்ற வேண்டாம். சப்வூஃபருக்குள் நடக்கும் மின்னணுத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது, அது சரிதான். 2,000 ஹெர்ட்ஸ் அருகே ஆடிஸி வேண்டுமென்றே ஒரு சரிவு வைக்கும். எனக்கு அது பாடகரை ஓர் அடி பின்னால் தள்ளுவதுபோலக் கேட்கிறது. ரிசீவரின் மெனுவில் அதை எடுக்க வழியில்லை. 20 டாலர் அளவில் விற்கும் மல்ட்டிஈக்யூ எடிட்டர் ஆப்பில் எடுக்கலாம். அதே ஆப்பில் திருத்தத்தை எந்த அதிர்வெண்ணோடு நிறுத்துவது என்றும் குறிக்கலாம். 300 என்று போடுங்கள். இந்த மொத்தக் கட்டுரையிலும் போட்ட பணத்துக்கு அதிகம் திருப்பித் தருவது அந்த ஆப்தான் என்று நினைக்கிறேன். மிகக் கீழ் மாடல்களில் அது வேலை செய்யாது, வாங்கும் முன் உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைனமிக் ஈக்யூ என்ற இன்னொரு வசதியும் அதில் இருக்கிறது. சத்தம் குறையும்போது காதுக்குப் பேஸ் மட்டும் இன்னும் அதிகமாகக் குறைந்து தோன்றும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டியது. வால்யூமைக் குறைக்கக் குறைக்க அந்த வசதி பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. குழந்தை தூங்கிய பிறகு மெதுவாகப் படம் பார்க்கிற வீட்டில் இது தேவை. உரக்கக் கேட்டுப் பழகியவர் அணைத்து வைக்கலாம்.

கணினி வழி

பாட்டு முழுவதும் கணினியிலிருந்து மட்டுமே வருகிறது என்றால் மைக் தவிர ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. விண்டோஸில், அதிர்வெண்களின் அளவைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவசச் செயலி இருக்கிறது. ரூம் ஈக்யூ விசார்டில் ஈக்வலைசர் வகையாக அதையே தேர்ந்தெடுத்து, 20 முதல் 250 வரை என்று எல்லை கொடுத்து, கூட்டுவதற்கு உச்ச அளவு பூஜ்யம் டெசிபல் என்று வையுங்கள். அப்போது அது மேடுகளை மட்டும் வெட்டும். கிடைக்கும் ஃபில்டர்களை (ஒவ்வொன்றும் ஒரு மேட்டை வெட்டும் அமைப்பு) எழுத்துக் கோப்பாகச் சேமித்து ஏபிஓவில் ஏற்றினால் முடிந்தது. நான்கைந்து ஃபில்டர் போதும். இருபது போட்டுக் கோட்டை இஸ்திரி போட்டதுபோல் ஆக்குவதில் அழகு திரையில்தான்.

சில மியூசிக் பிளேயர்கள் விண்டோஸின் பொதுவழியை விட்டு, சாதனத்தைத் தனக்கு மட்டுமே என்று எடுத்து ஓட்டும். அப்போது ஏபிஓ ஓரங்கட்டப்படும், திருத்தம் நடக்காது. அந்த அமைப்பை அணைக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் கமில்லாடிஎஸ்பி இருக்கிறது. ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கணினியில் மூட் என்ற பிளேயரைப் போட்டால் அது கூடவே வருகிறது. நேரமும் ஆர்வமும் இருந்தால் விலையுயர்ந்த பெட்டிகள் செய்யும் வேலை அத்தனையும் அதில் செய்யலாம். ஏதாவது புரியாமல் போனால் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வழியின் பலவீனம் தெளிவானது. டிவியின் ஒலி கணினி வழியாக வருவதில்லை, ரெக்கார்டு பிளேயரும் இல்லை, விருந்தாளி ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் போடும் பாட்டும் இல்லை. நேர்கோட்டு ஃபேஸ் ஃபில்டர் (அதிர்வெண்களின் நேர ஒழுங்கு கலையாமல் திருத்தும் வகை) என்று ஆசைப்பட்டு 44.1 கிலோஹெர்ட்ஸில் 65,536 புள்ளி நீளத்தில் ஒன்றைப் போட்டால் ஒலி முக்கால் வினாடி தாமதமாகும். பாட்டுக்குப் பரவாயில்லை. யூடியூப் பார்த்தால் வாய் மூடிய பிறகு பேச்சு வரும்.

ஸ்ட்ரீமர்

இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் வீம் போன்ற ஸ்ட்ரீமர்களில் இப்போது பத்து பட்டை கொண்ட பாராமெட்ரிக் ஈக்வலைசர் (அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் நாமே குறிக்கும் வகை) வருகிறது. ஃபோன் மைக்கை வைத்து அறையைத் தானாகத் திருத்தும் வசதியும் கொடுத்திருக்கிறார்கள். ஃபோன் மைக்கைப் பற்றி முன்பே சொன்னேன். அதை விட்டுவிட்டு, யூமிக்கால் அளந்து ரூம் ஈக்யூ விசார்ட் தரும் நான்கைந்து எண்களைக் கையால் ஸ்ட்ரீமரில் தட்டிப் போடுங்கள். டிவியின் ஆப்டிகல் கேபிளையும் அதே ஸ்ட்ரீமரில் செருகக்கூடிய மாடல் என்றால், பாட்டு, டிவி இரண்டுக்கும் ஒரே திருத்தம். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள சிறு வீட்டுக்கு இதற்குமேல் அநேகமாகத் தேவைப்படாது.

தனிப் பெட்டி

இரண்டு ஸ்பீக்கர், கூட ஒரு சப்வூஃபர், பல வழிகளிலிருந்து வரும் ஒலி, ரிசீவர் கிடையாது, வெறும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். இந்த நிலையில் இருப்பவருக்கு மினிடிஎஸ்பி 2x4 எச்டி போன்ற பெட்டி. ஹாங்காங் நிறுவனம், 200 டாலருக்குச் சற்று மேல் விலை. அனலாக், ஆப்டிகல், யூஎஸ்பி என்று உள்ளே வரும் வழிகள், வெளியே போக நான்கு வழிகள். இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கு, மற்ற இரண்டு சப்வூஃபர்களுக்கு.

அந்த நான்கு வெளிவழிகளால்தான் இந்தப் பெட்டிக்கு மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பத்து ஃபில்டர், பிரிப்பு அதிர்வெண், தாமதம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரோடு சப்வூஃபர் வைத்தவர்கள் படும் பாடு தெரியும்: முன் ஸ்பீக்கர்கள் பேஸ் முழுவதையும் வாசித்துக்கொண்டிருக்கும், சப்வூஃபர் அதன்மேல் ஏறிக்கொள்ளும், 80 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லி வினாடி ஆகிறது. சப்வூஃபர் அறையின் மூலையில் தூரத்தில் இருந்தால் முன் ஸ்பீக்கர்களை அந்த அளவு தாமதிக்க வேண்டும். சப்வூஃபரின் பின்னால் உள்ள ஃபேஸ் திருகியால் இதைச் சரிவரச் செய்ய முடியாது. பெட்டியால் முடியும். தாமதத்தை மாற்றி மாற்றி அளந்து, 80 ஹெர்ட்ஸ் அருகே கோடு நிரம்பி வருவதைப் பார்க்கும்போது இந்தப் பொழுதுபோக்கின் மொத்த சுகமும் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றும்.

வாங்கும் முன் ஆம்ப்ளிஃபையரின் முதுகைப் பாருங்கள். ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடி இருந்தால் பெட்டியை நடுவே வைக்கலாம். எல்லா மூலங்களுக்கும் திருத்தம் கிடைக்கும், வால்யூம் திருகியும் பழையபடி வேலை செய்யும். இல்லையென்றால் பெட்டியை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைத்து, டிவி, ஸ்ட்ரீமர் எல்லாவற்றையும் முதலில் பெட்டிக்குள் விட வேண்டும். அப்போது சப்வூஃபரின் சத்தமும் சேர்ந்து மாற வேண்டுமானால் வால்யூமைப் பெட்டியில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் ஆம்ப்ளிஃபையரின் ரிமோட்டைத்தான் எடுப்பார்கள், கூட்டுவார்கள், சப்வூஃபர் பின்தங்கும். இந்தக் குடும்பச் சிக்கலுக்கு எந்த அளவீட்டிலும் தீர்வு இல்லை. ரெக்கார்டு பிளேயர் இருந்தால் அதன் மெல்லிய சிக்னலை உயர்த்தித் தரத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். எச்டிஎம்ஐ இந்தப் பெட்டியில் கிடையாது.

டிராக்குக்குத் தனியாகப் பணம்

ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வரும் டிராக் லைவ் என்ற திருத்த மென்பொருள், ஒலியின் அளவோடு அது வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துத் திருத்துகிறது. என்ஏடி, ஆன்கியோ, பயனியர் ரிசீவர்களில் வருகிறது. மினிடிஎஸ்பியின் ஃபிளெக்ஸ் பெட்டியிலும் உரிமம் வாங்கிப் போடலாம். டெனானிலும் மராண்ட்ஸிலும் மேல் மாடல்களில் தனிக் கட்டணம்: அறிமுகமானபோது 500 ஹெர்ட்ஸ் வரை திருத்தும் உரிமம் 259 டாலர், முழு வீச்சுக்கு 349. சப்வூஃபருக்கான பேஸ் கன்ட்ரோல் அதற்கும் மேலே தனி.

மென்பொருள் அழகாக இருக்கிறது, இலக்குக் கோட்டை விரலால் இழுக்கலாம், திருத்தத்தின் எல்லையை இரண்டு பக்கமும் திரை போல நகர்த்தி அடக்கலாம். ஆனால் எக்ஸ்டி32-வும் எடிட்டர் ஆப்பும் ஏற்கெனவே வைத்திருப்பவர் ஸ்டீரியோவுக்காக மட்டும் இதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கினாலும் 500 வரை உள்ள குறைந்த உரிமம் போதும். மேலே என்ன செய்யக் கூடாது என்பதை முன்பே பேசியாகிவிட்டது. இரண்டு மூன்று சப்வூஃபர் உள்ளவருக்குப் பேஸ் கன்ட்ரோல் விஷயமே வேறு, அங்கே கொடுத்த காசு தெரியும். எல்லா ஸ்பீக்கர்களையும் சேர்த்து வேலை வாங்கி அறையின் இழுபறியை அடக்கும் ஆக்டிவ் ரூம் ட்ரீட்மென்ட் முதலில் ஸ்டார்ம்ஆடியோ போன்ற உயர்விலைப் பிராசஸர்களில் வந்தது, பிறகு டெனான், மராண்ட்ஸ் பக்கமும் இறங்கியிருக்கிறது. பேஸுக்கு இன்றைக்கு அதுவே உச்சம், பணப்பைக்கும் அப்படித்தான்.

ஜெனலெக், நாய்மன் போன்ற ஸ்டுடியோ ஸ்பீக்கர்களில் டிஎஸ்பி உள்ளேயே இருக்கிறது, அவர்களுடைய மைக்கும் மென்பொருளும் தனியாக வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர், பணமும் இருக்கிறது என்றால் யோசிக்கலாம்.

பஞ்சுப் பலகையும் இரண்டாவது சப்வூஃபரும்

‘டிஎஸ்பி எதற்கு, அறையையே சரி செய்யலாமே’ என்று சொல்கிறவர்கள் பாதி சரி. கை தட்டினால் டிங்கென்று உலோகம்போல் பதில் வருகிற டைல்ஸ் ஹாலை எந்த மென்பொருளும் திருத்தாது. அதற்குத் தடித்த திரை, புத்தக அலமாரி, சுவரில் நான்கு அங்குல ராக்வூல் பஞ்சுப் பலகை வேண்டும். பவானி ஜமக்காளம் பார்க்க அழகு, ஒலியில் மிக உச்சிப் பகுதியை மட்டும் தொடும். ஒரு அங்குல ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் ஹாலுக்கு ஸ்டுடியோ தோற்றம் தரும், அவ்வளவுதான். பேஸுக்கு என்று வந்தால் பஞ்சுப் பலகை தோற்றுவிடும். 38 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஏழரை அடி. அந்தத் தடிமனில் சுவர் கட்டினால் ஹாலில் பாதி போய்விடும். ஆகவே உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் பலகை, தாழ்ந்ததற்கு டிஎஸ்பி என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை.

இரண்டாவது சப்வூஃபரை டிராக்குக்கும் மேலே வைப்பேன். ஹார்மனில் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எத்தனை சப்வூஃபர் எங்கே வைத்தால் பல இருக்கைகளிலும் பேஸ் ஒரே மாதிரி கேட்கும் என்று பார்த்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைப்பது எளிய நல்ல அமைப்பு. ஒரே ஒலியை இரண்டும் எழுப்பும்போது, அந்தத் திசையில் உள்ள முதல் நிலை அலையை ஒன்று தள்ள மற்றது இழுக்கிறது, அலை எழவே இடமில்லை. டிஎஸ்பி ஓர் இருக்கைக்குத்தான் மேட்டை வெட்டித் தரும். இது சோபா முழுவதற்கும் செய்யும். பெரிய சப்வூஃபர் ஒன்று வாங்க எண்ணிவைத்த பணத்தில் நடுத்தர அளவில் ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். தனிப் பெட்டியின் மூன்றாவது, நான்காவது வெளிவழிகள் அப்போது வீணாகாது. மல்ட்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருள் இரண்டுக்கும் தனித்தனித் தாமதமும் ஃபில்டரும் கணக்கிட்டுத் தரும்.

எந்த வழியில் போனாலும், திருத்தம் போட்டபின் அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். பிறகு திருத்தத்தைப் போட்டும் அணைத்தும் கேட்கும்போது இரண்டிலும் சத்தத்தின் அளவைச் சமமாக்குங்கள். மேடுகளை வெட்டியதால் மொத்தச் சத்தம் குறைந்திருக்கும், உரக்க ஒலிப்பது நல்லதாகத் தோன்றுவது காதின் பழக்கம். முதல் நாள் பேஸ் குறைந்துவிட்டதுபோல் இருக்கும். அப்படியே சில நாள் கேட்ட பிறகும் மெலிந்தே தெரிந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக 4 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கமே இல்லாத நேர்கோட்டை யாரும் வீட்டில் கேட்பதில்லை, பேஸிலிருந்து மேலே மெல்லச் சரியும் கோடுதான் பலருக்கும் இயல்பாகப் படுகிறது. டென்மார்க்கின் ப்ரூயல் அண்ட் கியார் 1974-இல் வரைந்த இலக்குக் கோடும் அப்படிச் சரிவதுதான், ரூம் ஈக்யூ விசார்டில் இலக்கைச் சரித்து வைக்க இரண்டு எண்கள் மாற்றினால் போதும்.